சாயவேரும் பண்பாட்டு விமர்சனமும்

பாரம்பரிய நெசவையும் இயற்கைச் சாயத்தையும் பேணிவரும் பழங்குடிப் பெண்களை ஆதரித்தல் வேண்டும் என்னும் குரல் அண்மையில் கரவெட்டியில் நடந்த இலக்கியச் சந்திப்பொன்றிலும் எழுந்தது. அதன் நியாயம் மறுக்கற்பாலதன்று. எனினும், நாம் ஆதரிக்க முனைவது துணியையா, அதனை ஆக்கும் கரங்களையா என்பது தெளிவாதல் வேண்டும்.

நற்றிணை 353ஆம் பாடலிலே கபிலர், ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பஞ்சினை மலைமேல் தவழும் முகிலுக்கு உவமையாக்குவர். நயம் பாராட்டுவோர் முகிலோடு நின்றுவிடுவர். துணையற்றவளுக்கு நூற்றல் வயிற்றுப்பாடு என்ற சமூகச் செய்தி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

'இயற்கைச் சாயம்' என்ற தொடரும் இவ்வாறே உழைப்பை மறைப்பது. யாழ்ப்பாண, மன்னார்ப் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சாயவேர் பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தம் வருவாய்ப் பொருளாக்கினர். அவ்வேரைத் தோண்டுதல், சாதியமைப்பின் அடித்தளத்தில் இருத்தப்பட்டோர்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜேர்மனியர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். ஆலைச் சாயத்தின் முன் சாயவேர் சந்தையிழந்தது.

இங்கு ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வருதல் இயல்பே. 1908இல் வெளிவந்த 'மத்தியகால சிங்களக் கலை' வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது. கைவினைஞரை மதிக்க நமக்குக் கற்பித்த பெருநூல் அது. ஆயினும் மொரிஸின் அச்சுப்பொறியை ஏற்ற குமாரசுவாமி அவரது அரசியலை ஏற்றாரில்லை. அவுரித் தொட்டியிலே தாமே கை நனைத்துச் சாயமிட்ட மொரிஸ் 1883இல் சோஷலிச இயக்கத்திற் சேர்ந்தார். குமாரசுவாமியோ சாதிவழித் தொழிலைக் கைவினையின் காப்பரணாகக் கண்டார். சாயவேர் தோண்டியவனிடம் அவ்வரணைப் பற்றி யார் கேட்டார்கள்?

இப்பார்வையே இன்றும் கண்காட்சிகளை ஆள்கிறது. இழைகளை எண்ணியெண்ணித் தோடர் பெண்கள் தைக்கும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலியைத் தடுக்க அது உதவலாம். தைப்பவளின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை.

நம் நாட்டு அனுபவமும் வேறன்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டின்கீழ்த் தழைத்த கைத்தறி, 1977இன் திறந்த பொருளாதாரத்தின்பின் சரிந்தது. பெண்களின் நெசவுத்திறன் குன்றியதால் நேர்ந்த சரிவன்று அது. நூலும் சந்தையும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆதலின் ஆதரவு பற்றிய பேச்சு நூல் கொள்வனவு, சாயப்பொருள், விலை ஆகியவற்றை நெய்பவரின் கூட்டுறவே தீர்மானிக்கும் உரிமையிலிருந்து தொடங்குதல் வேண்டும். அன்றைய சந்திப்பில் இவ்விடயம் நிகழ்ச்சிநிரலிலேயே இருக்கவில்லை.