ஒரு வசனம் குறைந்தால் வேதம் குறையுமா?

சபையின் வேதபாட வகுப்பு ஒன்றில் இரண்டு தமிழ் வேதாகமங்கள் அருகருகே திறந்திருப்பதாகக் கொள்வோம். ஒன்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றளவும் நம் ஆராதனைகளில் வாசிக்கப்பட்டு வரும் திருப்புதல். மற்றொன்று, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை இரண்டிலும் வாசிக்கும் இளைஞர் ஒருவர் திகைக்கிறார். முன்னதில் பரலோகத்தில் சாட்சி பகருவோர் மூவர் எனப் பிதாவும் வார்த்தையும் பரிசுத்த ஆவியும் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றனர். பின்னதில் அக்கூற்றே காணப்படவில்லை. இங்கே ஒன்று பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருக்குமானால், வேறெங்கும் அவ்வாறு நிகழவில்லை என்பதற்கு என்ன உறுதி என்று அவர் கேட்கிறார். இக்காலத்தில் திருமறையை நம்பலாமா என்னும் பெருவினா, நம் சபைகளில் பெரும்பாலும் இத்தகைய சிறு வினாவாகவே தலைகாட்டுகிறது.

இதற்கு இருவகை விடைகள் எளிதில் கிடைக்கின்றன. புதிய மொழிபெயர்ப்பாளர்கள் விசுவாசமற்றவர்கள். அவர்கள் தேவ வசனத்தை நீக்கிவிட்டனர் என்பது ஒன்று. வேதம் முழுவதுமே மனிதர் திருத்தித் திருத்தி எழுதியது. ஆகவே எதையும் நம்புவதற்கில்லை என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. எழுத்து எழுத்தாக மாறாதிருந்தால் மட்டுமே ஒரு நூல் நம்பத்தக்கது என இரண்டும் கருதுகின்றன. இக்கருத்து சரியானதுதானா என்பதை அவ்வசனத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய முற்படுவோம்.

வசனத்தின் வரலாறு

14ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியின் மூலவரியிலும் இக்கூற்று இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பினுடைய மிகப் பழைய பிரதிகளிலும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பிரிசில்லியனின் இலத்தீன் நூலிலேயே இது முதன்முதலாகத் தெளிவாகக் காணப்படுகிறது. ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்று சாட்சிகளுக்குத் திரித்துவத்தை உட்பொருளாகக் கொண்டு யாரோ ஒருவர் எழுதிய விளக்கம், பிரதியெடுப்போர் கைகளில் மெல்ல மெல்ல மூலத்திற்குள் புகுந்திருத்தல் வேண்டும் என அறிஞர் பலர் கருதுவர். இதில் வஞ்சகம் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு நடுவில் வந்தமர்வது, கையால் படியெடுக்கப்பட்ட நூல்கள் பலவற்றிலும் நேர்ந்ததே.

எரஸ்மஸ் 1516இல் அச்சேற்றிய கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலும் 1519ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவ்வசனம் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட பிரதி ஒன்று காட்டப்பட்டபின், 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவர் அதனைச் சேர்த்தார். அதன் வழியே அச்சிட்ட கிரேக்க மூலங்களிலும், 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலிலும், நம் பழைய தமிழ்த் திருப்புதலிலும் அது நிலைபெற்றது. மார்ட்டின் லுத்தரோ தம் வாழ்நாளில் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இதனைச் சேர்க்கவேயில்லை. இவ்வசனம் இல்லாத வேதத்தைக் கையில் ஏந்தியே அவர் திருச்சபையைச் சீர்திருத்தினார் என்பதை, பழைய வாசகத்தைக் காப்பதே சீர்திருத்த மரபு என்போர் எண்ணிப்பார்த்தல் நலம்.

கிரேக்கப் பிரதி ஒன்றிலேனும் இருப்பதாகக் காட்டினால் சேர்ப்பதாக எரஸ்மஸ் வாக்களித்தார் என்றொரு கதை நெடுங்காலம் வகுப்பறைகளில் வழங்கிவந்தது. அதற்குச் சான்று இல்லை என்பதை ஹெங்க் யான் டி யோங்கெ என்னும் டச்சு அறிஞர் 1980இல் எடுத்துக்காட்டினார். வேதத்தின் மூலபாடத்தை ஆராய்வோர் தம் சொந்த மரபுக் கதைகளையும் அதே அளவுகோலால் அளக்கின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

திறனாய்வு காட்டுவதும் காட்டாததும்

1707இல் ஜான் மில் வெளியிட்ட பதிப்பு ஏறத்தாழ 30,000 பாடவேறுபாடுகளைத் தொகுத்துக் காட்டியபோது பலர் அஞ்சினர். சிலர் ஏளனம் செய்தனர். மாணவப் பருவத்திலேயே பாடவேறுபாடுகளைக் கண்டு கலங்கிய ஜெர்மானியப் பக்தி இயக்கத்தார் ஒருவர் வேறு வழியைத் தேர்ந்தார். யோகான் ஆல்பிரெக்ட் பெங்கல் என்னும் அவர், கண்ணை மூடிக்கொள்ளாமல் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1734இல் தம் பதிப்பை வெளியிட்டார். எளிதான பாடத்தைவிடக் கடினமான பாடமே மூலமாக இருத்தல் கூடும் என்னும் விதியை வகுத்தவர் அவரே. அவர் இவ்வசனத்தைக் காக்கவே விரும்பினார். ஆயினும் அவர் வளர்த்த முறையே பின்னர் அதனை விலக்கியது. திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத ஐசக் நியூட்டன் இவ்வசனத்தை எதிர்த்து 1690இல் எழுதினார். அவ்வெழுத்து 1754இல்தான் அச்சாயிற்று. ஒருவர் காக்க விரும்பினார். ஒருவர் நீக்க விரும்பினார். எனினும் முடிவு இருவர் விருப்பத்தையும் சாராமல் பிரதிகளின் சான்றையே சார்ந்து அமைந்தது. 1881ஆம் ஆண்டின் திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு இவ்வசனத்தை விட்டுவிட்டது.

எனவே, எது சேர்க்கப்பட்டது என்று நம்மால் கூற முடிகிறது என்பதே இளைஞரின் வினாவுக்கு முதல் விடை. 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் பல நாடுகளில், பல நூற்றாண்டுகளில், ஒரே அதிகாரத்தின் கீழ் அடங்காமல் படியெடுக்கப்பட்டமையால் வேறுபாடுகள் பெருகின. அதனாலேயே ஓரிடத்தில் நேர்ந்த சேர்க்கையை மற்றோரிடத்துப் பிரதி வெளிப்படுத்துகிறது. எல்லாப் பிரதிகளும் ஒருவர் ஆணையால் ஒன்றுபோலத் திருத்தப்பட்டிருந்தால், நமக்கு வேறுபாடும் தெரிந்திராது, மூலமும் தெரிந்திராது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிரதிகளின் எண்ணிக்கையைக் கூறி வேதம் உண்மையென்று நிறுவிவிட்டதாகச் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அப்பிரதிகளுள் பெரும்பாலானவை இடைக்காலத்தவை. மேலும், மூலபாடத் திறனாய்வு ஆசிரியர் என்ன எழுதினார் என்பதை நெருங்கிக் காட்ட வல்லதேயன்றி, அவர் எழுதியது உண்மையா என்பதைத் தீர்க்க வல்லதன்று. இவ்விரண்டையும் குழப்புவது விசுவாசத்திற்குச் செய்யும் தொண்டு ஆகாது. எண்ணிக்கையால் நிறுவப்பட்ட நம்பிக்கை, வேறோர் எண்ணிக்கையால் கலைந்துபோகும்.

சாட்சி எங்கே நிற்கிறது?

அவ்வாறாயின் நம் நம்பிக்கைக்கு நிலைக்களம் யாது? இதற்கு அந்நிருபமே வழிகாட்டுகிறது. தாம் கேட்டதையும் கண்டதையும் கையால் தொட்டதையும் அறிவிப்பதாகக் கூறித் தொடங்கும் ஆசிரியர், இயேசு மெய்யாகவே மாம்சத்தில் வந்தார் என்பதை மறுப்போருக்கு எதிராகவே எழுதுகிறார். ஆகவேதான் அவர் நீரையும் இரத்தத்தையும் சாட்சிகளாக நிறுத்துகிறார். இவை இயேசுவின் ஞானஸ்நானத்தையும் சிலுவை மரணத்தையும் குறிப்பன என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. இரண்டும் மண்ணில் நடந்தவை, மனிதர் கண்டவை, ஆவியானவரோ அவற்றின் பொருளைத் திருச்சபைக்கு உணர்த்துபவர்.

பிற்காலச் சேர்க்கை செய்தது என்ன? மண்ணில் நின்ற சாட்சிக்கு முன்னே விண்ணில் நிற்கும் சாட்சி ஒன்றை வைத்தது. அதன் கோட்பாடு தவறன்று. ஆனால் ஆசிரியரின் வாதம் மங்கிப்போயிற்று. பரலோகத்துச் சாட்சியை எவரும் விசாரிக்க இயலாது. யோர்தானிலும் கொல்கொதாவிலும் நின்ற சாட்சியையோ விசாரிக்கலாம், மறுக்கலாம், நம்பலாம். விசாரணைக்கு உட்படாத உறுதியை நாடிய பக்தியே அவ்வசனத்தைப் பற்றிக்கொண்டது எனலாம். அதே உறுதியை நாடியே இன்றும் பலர் எழுத்துப்பிழையற்ற வேதத்தைத் தேடுகின்றனர். ஆனால் எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுமாறு கட்டளையிடுவதும் இதே நிருபந்தான். சோதனையை வற்புறுத்தும் நூலைச் சோதனையினின்று காப்பாற்ற முயல்வது முரண்பாடு அன்றோ?

திரித்துவ விசுவாசம் இவ்வசனத்தின்மேல் கட்டப்பட்டதுமன்று. 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய பிதாக்களின் அறிக்கைகள் இதன் துணையின்றியே உருவாயின. ஆரியுக் கொள்கையோடு போராடிய கிரேக்கப் பிதாக்கள் எவரும் இதனை எடுத்துக்காட்டவில்லை. வேதம் முழுவதிலும் வெளிப்படும் இறைவனின் மீட்புச் செயலை நோக்கியே அவர்கள் அவ்விசுவாசத்தை அறிக்கையிட்டனர்.

நம் பொறுப்பு

இனி நம்மையே நாம் திறனாய்வு செய்தல் வேண்டும். மேற்கூறிய செய்திகளுள் எதுவும் இறையியற் கல்லூரியில் பயின்றோருக்குப் புதியதன்று. வகுப்பறையில் குறிப்பெடுத்து, தேர்வில் விடையெழுதி, குருப்பட்டம் பெற்றபின், பிரசங்க பீடத்தில் ஏறி ஒன்றும் அறியாதவர்போல் அவ்வசனத்தையே ஆதாரமாகக் கொண்டு திரித்துவத் திருநாளில் பேசுகிறோம். எளிய விசுவாசிகள் இடறிவிடுவர் என்பது நாம் கூறும் காரணம். அவர்களுடைய விசுவாசத்தின்மீது நமக்குள்ள குறைந்த மதிப்பையே இக்காரணம் காட்டுகிறது. உண்மையில், அவர்கள் இதனைக் கைப்பேசியில், வேதத்தைப் பழிப்போர் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்கும் நாளில்தான் இடறுகின்றனர். போதகர் அறிந்திருந்தும் சொல்லவில்லை என்று அப்பொழுது அவர்கள் உணர்வார்களாயின், அங்கே நம்பிக்கையை இழப்பது வேதம் அன்று, நாமே.

ஆகவே திடப்படுத்தல் வகுப்பிலேயே இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பிள்ளைகள் முன் வைப்போம். பழைய திருப்புதலைத் தந்தோர் தம் கையிலிருந்த மூலத்தைப் பின்பற்றினர் என்பதை நன்றியோடு கூறுவோம். ஆராதனையில் அத்திருப்புதல் தொடர்ந்து ஒலிக்கட்டும். அதன் அருகில் விளக்கமும் ஒலிக்கட்டும்.

திருமறையை நம்புவது என்பது, அதில் ஒரு மனிதக் கையும் படவில்லை என்று சாதிப்பதன்று. மனிதக் கைகளில் ஒப்புவிக்கப்பட்ட சாட்சி, அக்கைகளின் பிழைகளுக்கு ஊடேயும் தான் சுட்டுகிறவரை விட்டு விலகவில்லை என அறிவதாகும். வார்த்தையானவர் மனிதர் கைகளில் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்று அறிக்கையிடும் நமக்கு, அவரைப் பற்றிய எழுத்தும் அவ்வாறே வந்தது என்பதை ஏற்பதில் தயக்கம் ஏன்?