பால் படும் என்னும் அச்சம்: அகநானூறு 26இல் தாய்மையும் பெண்ணின் தன்னிலையும்

சங்க இலக்கியத்தில் தாய்ப்பால் என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு முதலில் வருவது புறநானூற்றின் 278ஆம் பாடலே. மகன் புறமுதுகிட்டது உண்மையாயின் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறி, வாளொடு களம் புகுந்த முதுதாயின் பாடல் அது. ஆங்குப் பால் மறத்தின் ஊற்று; தாயின் பெருமிதம் மகனது சாவில் நிறைவு பெறுகின்றது. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். எனினும், பாலூட்டும் காலத்துப் பெண்ணின் உள்ளத்தை அறிய விழைவோர் அகநானூற்றின் 26ஆம் பாடலுக்கே வருதல் வேண்டும். அதனைப் பாடியவரோ ஓர் ஆண், அதிலும் அரசர்: பாண்டியன் கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதி.

இது மருதத்திணைப் பாடல். அவனோடு புலத்தல் கூடுமோ எனத் தோழியை வினவும் தலைவி, இரு காலங்களை அடுத்தடுத்து வைக்கிறாள். முன்பு, போதும் என்று அவள் தடுத்தும் கேளாது அவன் அவள் முலைகளைப் பாராட்டித் தழுவினான். இப்போது அவை மகனுக்கெனப் பால் சுரந்து நிற்கின்றன. சந்தனம் பூசிய அவனது அகலத்தை இறுகத் தழுவ அவள் விரும்புகிறாள். பால் பட்டுவிடுமென அவன் அஞ்சுகிறான். அணைத்த கை தளர்கிறது.

இதனைப் பரத்தையிற் பிரிவு பற்றிய ஊடலாக மட்டும் கற்பித்தல் போதாது என்பது நம் கருத்து. பரத்தையர் பாடலில் சுட்டப்படுவது உண்மையே. ஆயினும் ஊடலுக்கு உடனடிக் காரணம் அவர்கள் அல்லர். தலைவனின் கையில் அவள் உணர்ந்த அந்த நொடிநேரத் தயக்கமே. விழைபவள் பெண், அஞ்சுபவன் ஆண் என்பதையும் கருதுக. தாயானபின் பெண்ணுக்கு வேட்கை அடங்கிவிடும் என்னும் எண்ணத்திற்கு இங்கு இடமே இல்லை. மனைவி வேறு, தாய் வேறு என்னும் பிளவை உண்டாக்குபவன் தலைவன். அப்பிளவையே அவள் கையிலெடுக்கிறாள்: நீர் அப்பெண்டிர்க்குத் தக்கவர், நாமோ இச்செல்வனுக்குத் தக்கோம் என்று கூறி மெல்ல மகன்பால் திரும்புகிறாள். தாய்மை அவளுக்கு அடைக்கலமன்று, மறுமொழி. அது பலிக்கவும் செய்கிறது. எமக்கும் அவன்மேல் காதல் உண்டு என்று பணிந்து வந்த தலைவன் அவளைப் பின்புறமாக அணைக்கிறான். (பால் படாத புறம் அது என்பது நம் கண்ணுக்குத் தப்பலாகாது.) பலமுறை உழுத செம்மண் மழைக்கு நெகிழ்வதுபோல் அவள் நெகிழ்கிறாள். இதனை இனிய முடிவெனக் கொள்வதற்கில்லை. தன் நெஞ்சே தன்னைக் காட்டிக்கொடுத்ததாக அன்றோ அவள் கூறுகிறாள்!

வகுப்பறையில் கூச்சம் கருதி 'முலை' என்பதை 'மார்பு' என மாற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இப்பாடலில் அம்மாற்றம் பொருளையே கெடுத்துவிடும். அவளுக்கு முலை, அவனுக்கு அகலம். ஒன்றில் பால், மற்றதில் சந்தனம். இரண்டையும் மார்பாக்கினால், எது எதன்மேல் படும் என அவன் அஞ்சினான் என்பது மாணவர்க்கு எங்ஙனம் விளங்கும்?

பாடலில் இன்னொருத்தியும் இருக்கிறாள். இவை நிகழும்போது குழந்தை செவிலியின் கையில் உள்ளது. தலைவி கணவனைத் தழுவ விழைவதற்கும் ஊடிப் பெயர்வதற்கும் அக்கைகளே இடமளிக்கின்றன. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்வெட்டச் சென்ற நம் தோட்டத்துப் பெண்களுக்கு அக்கைகளின் அருமை சொல்லாமலே விளங்கும். செவிலிக்குப் புலவர் அளித்திருப்பது அவள் நடையைக் குறிக்கும் ஓர் அடைமொழி மட்டுமே, பேச்சு அளிக்கவில்லை.