பெடலில் தெரியும் பக்குவம்

மோரிஸ் மைனரில் பிரேக்குக்குக் கைகொடுக்க பூஸ்டர் கிடையாது. பாதம் பெடலை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ஆயில் நகரும். அது மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய், பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் வைத்து அழுத்தும். இடையில் வேறு எதுவும் இல்லை. ஆயில் எந்த நிலையில் இருக்கிறதோ, அதைப் பாதம் அப்படியே அறிந்துகொள்ளும். பூஸ்டர் வைத்த கார்களில் பாதி மறைந்துபோகும் இந்த நயம் மைனரில் முழுதாகக் கிடைப்பதால், பிரேக் ஆயில் மாற்றும் கைவேலையை ரசிக்க இதைவிடப் பொருத்தமான வண்டி அரிது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. பிரேக் அமைப்பு லாக்ஹீட் வகை. முதலில் நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல டிரம்; 1962-இல் எஞ்சின் 1098 சிசி ஆனபோது முன்சக்கர டிரம் 8 அங்குலமானது. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள், பின்சக்கரத்தில் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற ஊர்களிலும் இந்த வண்டி இன்னும் ஓடுகிறது. பழுதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் அதனுடன் சேர்ந்தே நிலைத்திருக்கிறது.

ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்? கிளைக்கால் சேர்ந்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது டிரம் நெருப்பாய்ச் சுடும். அந்தச் சூட்டில் ஆயிலில் இருக்கும் ஈரம் ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும்; பெடல் தரைவரை போயும் வண்டி நிற்காது. மைனரில் ஒரே சுற்று என்பதால் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே கைவிடும். வெப்பம் தாக்காத வண்டியிலும் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருவாக அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். கடற்கரை ஊர்களில் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

பழைய காலத்து ஆயில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. அன்றைய இயற்கை ரப்பர் வாஷர்களுக்கு அது ஒத்துப்போயிற்று. இப்போது கிடைக்கும் ரப்பர் உறுப்புகளுக்கு டாட் 4 போதும். சிலிக்கோனால் ஆன டாட் 5 ஈரம் இழுக்காது, பெயின்டைத் தின்னாது. ஆனால் நுண்ணிய காற்றுக்குமிழ்களை எளிதில் விடாது. பெடலில் ஒரு தளர்வு எஞ்சும். மேலும் அதைக் கிளைக்கால் ஆயிலோடு கலக்கவே கூடாது. பெடலின் இறுக்கத்தை மதிப்பவர் டாட் 4 பக்கமே நிற்பார். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது. ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடம் ஒரு வேடிக்கை: ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே. விரிப்பை விலக்கி, மூடியைக் கழற்றினால்தான் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். அறுபது ஆண்டுச் செருப்பு மண் அங்கேதான் குவிந்திருக்கும். முதலில் துடைப்பம், பிறகு துணி, அதன் பிறகே திருகு. ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரில் கீறல் விழும்.

பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட, சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பிளீடிங் நிப்பிள்களில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது பாதி வேலை. அங்குல அளவு ரிங் ஸ்பேனர்தான் பிடிக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் நிப்பிளின் தலையை உருட்டிவிடும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும். ஷூ அட்ஜஸ்டர்களையும் இப்போதே இறுக்கி வைத்துக்கொண்டால் பிஸ்டன் நகரும் தூரம் குறையும், காற்று ஒதுங்க இடமிருக்காது. பழகிய கைகள் இதை மறப்பதில்லை.

வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும்: வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இடது பின்சக்கரம், பிறகு வலது பின், இடது முன், வலது முன். நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூப்பை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைக்க வேண்டும். “அமுக்கு” என்றதும் பெடல் இறங்கும். நிப்பிளை அரைச் சுற்று திறந்தால் ஆயில் பாயும்; நிப்பிளை மூடிய பிறகே “விடு”. இந்த ஒழுங்கு மாறினால் வெளிக்காற்று உள்ளே திரும்பும். பெடலைத் தரையில் மோதும்வரை அமுக்கவும் கூடாது. சிலிண்டரின் கடைசிப் பகுதியில் வழக்கமாக வாஷர் உரசுவதில்லை. அங்கே படிந்திருக்கும் துருவில் ஏறி இறங்கினால் அது கிழியும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைப்பவரைக் கண்டால் அனுபவசாலி என்று கண்டுகொள்ளலாம்.

ரசனைக்குரிய நேரம் இதுதான். டியூப்பில் முதலில் வருவது பிளேன் டீ நிறத்தில் கலங்கல். சில அமுக்கல்களுக்குப் பின் நிறம் வெளுக்கும், குமிழ்கள் சிறுத்து வந்து நிற்கும், கடைசியில் இளமஞ்சளாய் ஒரே சீராக ஓடும். அவசரக்காரர் குமிழ் நின்றதும் மூடிவிடுவார். நிறம் தெளியும்வரை காத்திருப்பவருக்கே ஆயில் உண்மையில் மாறியிருக்கும். இதற்கிடையே நாலைந்து அமுக்கலுக்கு ஒருமுறை பெடல்காரர் காலைத் தூக்கிக்கொள்ள, டார்ச் அடித்து ஆயில் மட்டத்தைப் பார்த்து ஊற்ற வேண்டும். சிலிண்டர் வறண்டால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு லிட்டர் வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் தாராளம். திறந்த டப்பாவில் மிஞ்சியதும் ஈரம் இழுக்கும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது சிக்கனமாகாது. பெயின்டில் சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, சக்கரம் உரசாமல் சுற்றும் இடத்தில் நிறுத்திய பின் பெடலை அழுத்திப் பார்க்கலாம். நல்ல வேலையில் அது கொஞ்ச தூரம் இறங்கி, திடமாக ஓரிடத்தில் நிற்கும். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் மிச்சம். அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது தீராது. முதல் ஓட்டம் தெருவில் வேண்டாம், முற்றத்தில் நடை வேகத்தில் போதும், ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை இருக்கட்டும். ஓரிரு நாள் கழித்து நிப்பிள்களைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன ரப்பர் தொப்பியை மாட்டிவிட வேண்டும். அது இல்லாத நிப்பிளின் துளையில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, அடுத்த முறை ஸ்பேனர் வைத்ததும் முறியும்.