சத்தமில்லாமல் ஏறும் ரீசார்ஜ் கட்டணம்

2025 ஆகஸ்டில் ஜியோ செயலியிலிருந்து 249 ரூபாய் ரீசார்ஜ் காணாமல் போனது. 28 நாளுக்குத் தினம் ஒரு ஜிபி தந்த திட்டம் அது. அடுத்த ஓரிரு நாளில் ஏர்டெல்லும் தன் 249 ரூபாய் திட்டத்தை நிறுத்தியது. செயலியில் தேடியவர்கள் கண்ணில் பட்டது 299 ரூபாய்த் திட்டம்தான். எந்தத் திட்டத்தின் விலையும் உயரவில்லை என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம்; கொடுக்கிறவர் கையிலிருந்து ஐம்பது ரூபாய் கூடுதலாகப் போகிறது.

கட்டணம் உயர்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. 2016-இல் ஜியோ வந்தபின் நடந்த விலைப்போரில் பல நிறுவனங்கள் மூழ்கின. 5ஜி அலைக்கற்றைக்கு 2022 ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் விலை போனது. இந்தச் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆகவேண்டும். கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒதுங்கி நின்றதால்தான் டேட்டா அவ்வளவு மலிவானது என்பதும் உண்மை.

ஆனால் அந்தச் சுதந்திரத்தோடு வந்திருக்கவேண்டிய கடமை வரவில்லை. புதிய கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏழு வேலை நாளுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். சந்தாதாரருக்கு? சேர்ந்த ஆறு மாதத்துக்குள் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்ற பழைய பாதுகாப்பு ஒன்று உண்டு. ப்ரீபெய்டில் 28 நாளுக்கு ஒருமுறை புதிதாக வாங்குகிறோம். அடுத்த ரீசார்ஜின் விலைக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை.

முன்கூட்டிச் சொல்வதால் என்ன பயன் என்பதை 2024 ஜூலை காட்டியது. ஜூன் கடைசியில் அறிவித்துவிட்டு, ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல் உள்ளிட்ட மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. இடையில் கிடைத்த சில நாளில், செய்தி தெரிந்தவர்கள் பழைய விலையிலேயே அடுத்த ரீசார்ஜையும் போட்டுவைத்தார்கள். பத்திரிகை படிக்காத, தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்கிற பாட்டிக்கு அந்த வாய்ப்பு போய்ச் சேரவில்லை. வேலிடிட்டி முடியப்போகிறது என்று திரும்பத் திரும்ப எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிந்த நிறுவனத்துக்கு, விலை உயரப்போகிறது என்று ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதா? முடியும். அனுப்பினால் வருமானம் குறையும், அவ்வளவுதான்.

பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்பார்கள். 2024 ஜூலையில் அப்படி லட்சக்கணக்கானோர் அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்குப் போனார்கள். மூன்று தனியார் நிறுவனங்களும் இரண்டே நாளில் விலையேற்றும்போது, பிஎஸ்என்எல் கோபுரம் சரியாக எட்டாத ஊர்க்காரர் எங்கே போவது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பந்தத்தை நிறுவனம் மாற்றினால், குறைந்தது ஒரு மாதம் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். அவர் அபராதமின்றி விலகலாம். அது பெரும்பாலும் மாதச் சந்தா ஒப்பந்தங்களுக்கான ஏற்பாடு. நம் ப்ரீபெய்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே வேண்டியது வேறு: மிகக் குறைந்த விலைத் திட்டத்தை நீக்குவதையும் கட்டண உயர்வாகவே டிராய் கணக்கில் கொள்ளவேண்டும். அந்தத் திட்டத்தில் இருக்கிறவருக்கு, அவர் மொழியில், முப்பது நாளுக்கு முன் எஸ்எம்எஸ் போகவேண்டும். பழைய விலையில் இன்னும் ஒரு ரீசார்ஜ் செய்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கவேண்டும்.