மலையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் எது?

மலைக்குக் கிளம்பினால் வைட் லென்ஸைத்தான் முதலில் பையில் எடுத்து வைப்போம். பரந்த காட்சிக்கு அகலமான லென்ஸ் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொழுக்குமலையில் ஒரு விடியலைப் படமெடுத்துப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை.

எடுத்துப்போனவை கேனான் ஆர்எஃப் வரிசையின் எஃப்/4 ஜூம்கள்: 14-35, 24-105, 70-200. எடை முறையே 540, 700, 695 கிராம்; சேர்த்தால் இரண்டு கிலோகூட வராது. மூன்றுக்கும் ஃபில்டர் அளவு 77 மி.மீ. என்பதால் ஒரே போலரைசர் போதும். சூரியநெல்லியிலிருந்து இருட்டில் ஜீப் குலுங்கிக்கொண்டே ஏற, பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் பெரிய நிம்மதி.

14-35: தேயிலைச் செடியருகே குனிந்தால் இதன் அருமை தெரியும். 20 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரம் சென்சாரிலிருந்து கணக்கு என்பதால், லென்ஸ் முகப்புக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. கொழுந்தின் ரம்ப விளிம்பும் அதில் தொங்கும் பனித்துளியும் சட்டத்தின் பாதியை நிரப்பும். ஆனால் பின்னால் நிற்கும் 2,640 மீட்டர் மீசைப்புலிமலை, சின்ன மேடாகச் சுருங்கிவிடும். முன்னால் பாறையோ செடியோ பாதையோ இல்லாவிட்டால் படம் வெறிச்சோடிப் போகும். 14 மி.மீ.யில் போலரைசர் போட்டால் நீல வானம் ஒரு பக்கம் கருத்து, ஒரு பக்கம் வெளுத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். ரா கோப்பில் ஓரங்கள் நன்றாகவே வளைகின்றன. மென்பொருள்தான் அதை நிமிர்த்துகிறது.

70-200: சூரியன் எழுந்து, போடி பக்கப் பள்ளத்தாக்கை மேகம் நிரப்பியதும் வேலையைத் தொடங்குவது இதுதான். 135 மி.மீ. தாண்டினால் தூரத்துத் தொடர்கள் ஒன்றையொன்று நெருங்கி, கருநீலம், சாம்பல், வெளிர் என அடுக்கடுக்காக நிற்கும். மலை நம் கண்ணுக்குத் தெரிந்த உயரம் படத்திலும் கிடைக்கிறது. எஃப்/8-இல் விளிம்புவரை கூர்மை. குறைகளும் உண்டு: ஜூம் செய்தால் குழாய் முன்னே நீள்கிறது, எக்ஸ்டெண்டர் பொருந்தாது. வெயில் ஏறியபின் தூரத்துப் புகைமூட்டத்தை எந்த லென்ஸாலும் வெல்ல முடியாது. இதன் நேரம் காலை முதல் ஒரு மணி நேரம்தான்.

24-105: ஜீப், தேநீர்க் கோப்பை, குளிரில் போர்த்திக்கொண்டு நிற்கும் உறவினர்கள், வளைந்திறங்கும் எஸ்டேட் பாதை எல்லாம் இதில் அடங்கிவிடும். தூசியும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடத்தில் லென்ஸைக் கழற்றாமல் இருப்பதே பெரிய லாபம். வைட் தரும் நாடகமும் இல்லை, டெலி தரும் அடுக்கும் முழுசாக இல்லை. ஆனாலும் நாள் முடிவில் கார்டில் அதிகம் இருப்பவை இதன் படங்கள்தான்.

தீர்ப்பு: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 24-105. இரண்டாவதாகப் பெரும்பாலானோர் கைநீட்டுவது 14-35-க்கு. மலைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் காசை 70-200-இல் போடுங்கள். அகலக் காட்சி வேண்டுமானால் 24-105-ஐச் செங்குத்தாகப் பிடித்து நான்கைந்து படம் எடுத்துப் பனோரமாவாக ஒட்டிக்கொள்ளலாம். தூரத்துத் தொடரை அருகில் இழுக்க அப்படியொரு குறுக்குவழி கிடையாது. படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் பிக்சல்தான் குறையும்.