ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவ்

மதுரையிலிருந்து மேலூருக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்தால் ஒத்தக்கடைப் பக்கம் நெடுநேரம் யானைமலை கூடவே வரும். அந்த மலையை 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் படமெடுத்தார். சென்னை மாகாண அரசு அமர்த்திய புகைப்படக்காரர் அவர். மெழுகேற்றிய காகிதத்தில் பெரிய நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து பிரிண்ட் போட்டார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாறையின் மடிப்புகளை இன்றைய மலையோடு வைத்து ஒப்பிடலாம். அதே யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை 2010இல் எழுந்து, ஊர்மக்களின் எதிர்ப்பால் நின்றது. மலைக்கு ஆபத்து வரும் காலத்தில், அது எப்படி இருந்தது என்று காட்டும் பழைய படத்துக்கு ஒரு கனம் கூடிவிடுகிறது.

நெகட்டிவில் படமெடுப்பது டிரைப் காலத்தோடு முடியவில்லை. இன்று யாஷிகாமேட், ரோலிகார்ட், மாமியா என்று பழைய மீடியம் பார்மட் கேமராக்களைத் தேடி வாங்கி, 120 ரோல் போட்டுப் படமெடுக்கும் பழக்கம் மறுபடி தலையெடுத்திருக்கிறது. கேமராவின் அழகையோ அதைக் கையில் வைத்திருக்கும் மகிழ்ச்சியையோ வைத்து இதை எடைபோட முடியாது. கடைசியில் கையில் நிற்கும் நெகட்டிவ் எப்படிப்பட்டது, அதை யார் கழுவினார்கள், எங்கே வைத்தார்கள் என்பவைதான் இதன் உரைகல். அந்த உரைகல்லில் இன்றைய பழக்கத்தின் பெரும்பகுதி தேறவில்லை. தேறும் சிறுபகுதியோ மிகவும் மதிப்புள்ளது.

பிலிமுக்குத் திரும்பியவர்கள் முதலில் சொல்லும் காரணம் நிதானம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான், அதனால் யோசித்து எடுக்கிறோம் என்பார்கள். நான் இந்த வாதத்துக்குப் பெரிய மதிப்பு தருவதில்லை. இதே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சில ரோல்களில் ஒரு கல்யாணத்தையே முடித்த ஸ்டுடியோக்காரர்கள் நிதானமானவர்கள் அல்லர், மின்னல் வேகக்காரர்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்த நொடிக்கு ஒரே ஒரு பிளாஷ். மாப்பிள்ளையின் கை எப்போது எழும், எந்த அத்தை குறுக்கே வருவாள் என்பதெல்லாம் முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியும். பிலிமின் விலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கணிக்கும் திறமையை. பன்னிரண்டு படத்தையும் மெதுவாக எடுத்து, பன்னிரண்டும் சாதாரணமாக அமைவது இன்று நாம் நிறையப் பார்க்கும் காட்சி.

உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 35 எம்.எம். நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் என்று சொல்லப்படும் சதுர 120 நெகட்டிவ் ஏறக்குறைய 56க்கு 56. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். மேலூர் வட்டாரத்துக் கீழவளவிலோ மாங்குளத்திலோ குகைத்தளத்தின் விளிம்பில் தமிழ் பிராமி எழுத்துகள் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் வெயில் விழும் நேரம் பார்த்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி எடுத்தால், பாறையின் சொரசொரப்பும் உளி போன தடமும் தனித்தனியே அந்தப் பெரிய நெகட்டிவில் பதியும்.

இன்னொன்று வெயில் சம்பந்தப்பட்டது. சித்திரை உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியோடு நிற்கும் கறுத்த மேனிப் பெரியவரை எடுப்பது எந்தக் கேமராவுக்கும் சோதனை. டிஜிட்டலில் முகத்துக்கு ஒளியளவு வைத்தால் வேட்டி வெளுத்து மடிப்பே இல்லாமல் போகும், போனதை மீட்கவும் முடியாது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் வெளிச்சம் மிகுந்த பக்கத்தில் தாராளமாக இடம் கொடுக்கும். நிழலுக்கு அளந்து எடுத்துவிட்டு, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் முகமும் வரும், வேட்டி மடிப்பும் வரும். நம் வெயிலுக்கென்றே வைத்தது போன்ற வசதி இது. ஆனால் கழுவுவது நம் கையில் இருந்தால்தான் இந்த வசதி நமக்கு உண்டு.

சிக்கலும் கழுவுவதில்தான் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளை பிலிமுக்கான கணக்குகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. மேலூரில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். 20 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் கேட்கும் பிலிம் 30 டிகிரியில் பாதிக்கும் குறைந்த நேரத்தில் கறுத்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் மருந்து பிலிம் முழுக்க ஒரே சீராகப் பரவாது, வானம் திட்டுத்திட்டாக வரும். சூட்டில் பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் இளகி, நகம் பட்டாலே கீறல் விழும். ஐஸ்கட்டி வைத்து டெவலப்பரைக் குளிர்வித்துவிட்டு, அடுத்துச் சுடுதண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல் வெடிக்கும். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலரும் ஒரு ரோல் பாழான பிறகே கற்கிறார்கள். போர்த் தண்ணீரின் உப்பு இன்னொரு தொல்லை. காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகளாக அது நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசியாக ஒருமுறை முக்கியெடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

கலர் பிலிமுக்கான முறை இதற்கு நேர்மாறு. அதன் டெவலப்பருக்கு வேண்டியது 38 டிகிரிக்குச் சற்றே குறைவான சூடு, நேரம் மூன்றே கால் நிமிடம். மேலூரின் கோடைத் தண்ணீர் அந்தச் சூட்டைக் கிட்டத்தட்டத் தானே தந்துவிடும். இருந்தும் கலரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு வெள்ளையில் படமாக நிற்பது வெள்ளி, கலரில் நிற்பது சாயம். சூடும் ஈரப்பதமும் சேர்ந்து சாயத்தை மங்கவைக்கும். போதாக்குறைக்குப் பெரும்பாலோர் கலர் ரோலைத் தாங்களே கழுவுவதில்லை. எடுத்த ரோல் கூரியர் வண்டியின் வெக்கையில் வெளியூர் லேபுக்குப் பயணம் போகிறது. லேப் ஸ்கேன் செய்து கோப்பாக அனுப்புகிறது. சிலர் நெகட்டிவைத் திருப்பி வாங்குவதுகூட இல்லை. அப்படியானால் அவர்கள் கையில் மிஞ்சுவது டிஜிட்டல் படம்தான். ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவுக்குக் கொடுத்த விலை அத்தனையும் வீண்.

கேமராக்களின் வயதையும் மறைக்காமல் பேச வேண்டும். 1970இல் வந்த யாஷிகாமேட் 124ஜி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டது. இப்போது அந்த பேட்டரி இல்லை, வேறு பேட்டரி போட்டால் அளவு பிசகக்கூடும். தோல் உறையிலேயே பல மழைக்காலம் கிடந்த லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கும். ஷட்டரின் மெதுவான வேகங்கள் பழைய எண்ணெய்ப் பிசுக்கால் இழுக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, அவர்களிடம் வேலை கற்க ஆள் வரவில்லை. கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அந்த வேலையைக் கற்க இளைஞர்கள் ஒதுக்கினால், இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு தலைமுறை ஆயுள் கிடைக்கும்.

பிலிமோ முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது வலிக்க வேண்டிய செய்தி. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் தந்தது. குளிர்ந்த, தூசியில்லாத மலைக்காற்று பிலிம் செய்ய ஏற்றது. வதோதராவில் தயாரான அக்பா கிளிக் 3 கேமராவில் அந்த ரோலைப் போட்டு எடுத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது. கோடக் 2012இல் திவால் மனு கொடுத்து, பிறகு மீண்டு, 2022இல் கோல்டு 200 பிலிமை 120 அளவில் வெளியிட்டது. உலகம் பிலிமுக்குத் திரும்பும்போது பரிமாற நம்மிடம் ஒன்றுமில்லை. இங்கு ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. மருந்துச் செலவையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு நூறு ரூபாய் ஆகும். வசதியுள்ளவர்களின் பழக்கமாக இது சுருங்கும் அபாயம் உண்மையானது.

அவ்வளவு செலவழித்து எதை எடுப்பது? மேலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கண்முன் நிற்கிறது. கிரானைட் குவாரிகள் இந்த வட்டாரத்தின் குன்றுகளைக் கண்ணெதிரே தின்றிருக்கின்றன. மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது, மக்கள் திரண்டு எழுந்த பின் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்தை அன்றன்றைக்கு உலகுக்குக் காட்டியவை கைப்பேசிகள். அந்த வேலையை 120 ரோலால் செய்ய முடியாது, செய்ய முயலவும் கூடாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே திசையில், அதே லென்ஸால் ஒவ்வொரு குன்றையும், அதன் சுனையையும், கண்மாயையும் எடுத்து வைக்கும் வேலைக்கு இந்தக் கேமரா பொருத்தம். டிரைப் ஒரு முறை செய்ததை ஊரார் தொடர்ந்து செய்வது போன்றது அது.

எடுத்து வைப்பது என்றால் குறித்தும் வைப்பது. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவ்கள் காகித உறையில் எண்ணோடும் தேதியோடும் அடுக்கப்பட்டிருந்தன. டிஜிட்டல் வந்ததும் அவற்றில் பல வெள்ளி எடுப்பவர்களிடம் எடைக்குப் போயின. தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பாதுகாத்து டிஜிட்டலாக்கும் பணியைப் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்துச் செய்தார்கள். காப்பாற்ற முடிந்தது ஒரு பகுதியைத்தான். இன்று எடுப்பவர்களிடம் அந்த எண் எழுதும் நோட்டுகூட இல்லை. படத்தில் இருப்பவர் யார், எந்தக் குன்று, எந்த நாள் என்று எழுதாத நெகட்டிவ் பத்தாண்டுகளில் வெறும் பிலிம் துண்டாகிவிடும். தீர்ந்த ஹைப்போவை வாய்க்காலில் கொட்டுவதும் நிற்க வேண்டும். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஸ்கேனர் இல்லையே, என்லார்ஜர் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீட்டு ஆல்பங்களில் வெள்ளைக் கரையோடு ஒட்டியிருக்கும் சின்னச் சதுரப் படங்களில் பெரும்பாலானவை, கிளிக் 3 போன்ற கேமராக்களின் நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்துப் போட்ட கான்டாக்ட் பிரிண்ட்கள். ஆறு சென்டிமீட்டர் என்பது கண்ணால் நேரே பார்த்து முகம் அடையாளம் காணப் போதுமான அளவு, 35 எம்.எம்.மில் இது முடியாது. இருட்டாக்கிய அறை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சாதா பல்பு, ஒரு கண்ணாடித் தகடு, மூன்று தட்டு போதும். ஒரு ரோலின் பன்னிரண்டு படமும் எட்டுக்குப் பத்து அங்குலக் காகிதம் ஒன்றில் அடங்கும். அதன் பின்பக்கம் பென்சிலால் ஊரும் பேரும் தேதியும் எழுதி, ஒரு பிரதியை நெகட்டிவோடும் இன்னொன்றைப் படத்தில் இருப்பவர் வீட்டிலும் வைக்கலாம்.