சொல் நீங்கிய பாட்டு

ஒரு கலைப் படைப்பை மதிப்பிடப் புகும்போது, அது என்ன சொல்கிறது என்று முதலிற் கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாட்டாயின் அதன் சொற்களை எடுத்துக்கொண்டு, உழைக்கும் மக்களின் துயரோ எழுச்சியோ அவற்றில் இடம்பெற்றுள்ளதா என்று தேடுகிறோம். இடம்பெற்றிருப்பின் முற்போக்கானது என்கிறோம். இல்லையெனிற் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். கலை கலைக்காகவே என்ற வாதத்தை எதிர்த்து நின்ற காலத்தில் இவ்வினா நமக்குப் பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருகாற் படைக்கலமாக விளங்கியது பிறிதொருகாற் சோம்பலுக்குத் துணையாகிவிடுவதுமுண்டு. சொற்களே நீக்கப்பட்ட ஒரு பாட்டை நம்முன் வைத்தால் நாம் என்ன செய்வோம்?

இது வெறுங் கற்பனை வினா அன்று. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய யமேக்காவில், 1960களின் இறுதியிலே தோன்றி அடுத்த பத்தாண்டில் முதிர்ச்சி பெற்ற 'டப்' என்னும் இசைவகை அத்தகையதே. அதன் தாயாகிய றெகே இசையை நம் மாணவர் பலரும் பொப் மார்லியின் குரல் வாயிலாக அறிவர். அக்குரலில் நீதி கேட்கும் சொற்கள் உண்டு. ஆகவே அதனை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டோம். டப் என்பதோ, ஏற்கனவே பதிவுசெய்யப்பட்ட றெகேப் பாடலொன்றை எடுத்து, பாடகரின் குரலைப் பெரும்பாலும் அகற்றி, முரசையும் பேஸ் கிற்றாரையும் முன்னே நிறுத்தி, ஏனைய வாத்தியங்களைத் தோற்றியும் மறைத்தும் எதிரொலிக்கவிட்டும் புதிதாக அமைக்கப்படுவது. அதனை அமைப்பவர் பாடகருமல்லர், வாத்தியக்காரருமல்லர். ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழில்நுட்பவியலாளர். இக்கலையின் சமுதாயப் பொருளை எங்கே தேடுவது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் விடயம்.

முதலில் அது பிறந்த சூழலை நோக்குவோம். 1962இல் யமேக்கா அரசியல் விடுதலை பெற்றது. ஆயினும் தலைநகராகிய கிங்ஸ்ரனின் மேற்குப்புறச் சேரிகளில் வாழ்ந்தோருக்கு, வாத்தியக்குழு வாசிக்கும் மண்டபங்களுக்குச் சென்று ஆடும் வசதி இருக்கவில்லை. வானொலியும் அவர்கள் விரும்பிய இசைக்குப் போதிய இடமளிக்கவில்லை. 1950கள் தொட்டே அவர்கள் தமக்கென வேறொரு வழி கண்டிருந்தனர். அலுமாரியளவு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்த வளவுகளில் அடுக்கி, இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு, இரவு முழுவதும் ஆடினர். 'சவுண்ட் சிஸ்ரம்' என அவர்கள் அழைத்த இவ்வமைப்பே ஏழைகளின் அரங்கமும் வானொலியுமாயிற்று. அதை நடத்தியோர் பெரும்பாலும் சிறு முதலாளிகள். அவர்களுள் முதன்மையானவரான டியூக் றீட், முன்னர் பொலிஸ் சேவையிலிருந்து பின்னர் மதுபானக் கடை வைத்தவர். அவர்களுக்கிடையிற் போட்டி கடுமையாக இருந்தது. தம்மிடமுள்ள தட்டு எதுவென்று எதிராளி அறிந்துவிடாதிருக்க, அதன் முகப்புச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுமளவுக்கு அப்போட்டி வளர்ந்திருந்தது.

பிறரிடம் இல்லாத இசை வேண்டுமென்ற இத்தேவையே டப் இசைக்கு வித்திட்டது. அங்காடிக்கு வராத பாடல்களை, மென்பூச்சுக் கொண்ட தனித்தட்டொன்றில் வெட்டி எடுத்துச் சென்று ஒலிக்கவிடுவர். சில பத்துத் தடவை ஓடியதும் அத்தட்டுத் தேய்ந்துவிடும். 1967, 1968ஆம் ஆண்டளவில் ஸ்பானிஷ் ரவுண் என்னும் ஊரைச் சேர்ந்த றடி என அறியப்பட்ட றெட்வுட் என்பவருக்காக டியூக் றீட்டின் கூடத்தில் இவ்வாறொரு தட்டு வெட்டப்பட்டபோது, பாடகரின் குரலைச் சேர்க்கத் தொழிலாளி மறந்துவிட்டார் என்று கூறப்படுகிறது. அன்றிரவு குரலற்ற அத்தட்டைக் கேட்ட கூட்டத்தினர் குறைகூறவில்லை. குரல் இல்லாத இடத்தில் தாமே பாடத் தொடங்கினர். இச்செய்தி ஓரளவு கதையாகவே வளர்ந்திருக்கலாம். ஆனால் அது சுட்டும் உண்மை மனங்கொள்ளத்தக்கது. பாடகர் விலகிய வெற்றிடம் கேட்போருக்குரிய இடமாயிற்று. பின்னர் அவ்விடத்தில் யூ-றோய் போன்றோர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லடுக்கிப் பேசியும் பாடியும் ஒரு புதுக்கலையையே வளர்த்தனர்.

இதன் பொருளாதாரப் பக்கத்தையும் மறைத்தலாகாது. சிறிய இசைத்தட்டொன்றுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மறுபக்கத்தில் வேறொரு பாடலைப் பதிவதானால் வாத்தியக்காரருக்கு மீண்டும் கூலி கொடுக்கவேண்டும். அதே பாடலைக் குரல் நீக்கிப் பதிந்துவிட்டால் அச்செலவு மிச்சம். எனவே முதலாளியின் சிக்கனமும் இவ்விசையின் பிறப்புக்கு ஒரு காரணமாகும். சிக்கனத்திற் பிறந்தது எவ்வாறு கலையாக உயர்ந்தது என்பதை அறிய, ஒரு மனிதரின் தொழிலை நாம் சற்று விரிவாக நோக்கவேண்டும்.

ஒஸ்போன் றடொக் என்பது அவர் இயற்பெயர். கிங் டபி என்பதே உலகறிந்த பெயர். 1941இற் பிறந்த அவர் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். மின்மாற்றிகளைத் தம் கையாலேயே சுற்றினார். சவுண்ட் சிஸ்ரங்களுக்கான ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொடுத்தார். பின்னர் தமக்கெனவும் ஒரு சவுண்ட் சிஸ்ரத்தை அமைத்தார். டியூக் றீட்டின் கூடத்தில் தட்டு வெட்டும் பணியையும் செய்தார். 1970களின் தொடக்கத்தில் கிங்ஸ்ரனின் வோற்றர்ஹவுஸ் பகுதியில், டிரொமிலி அவெனியூ 18ஆம் இலக்க வீட்டில் அவர் சொந்தக் கூடத்தை நிறுவினார். பெரிய நிறுவனமொன்று கழித்துவிட்ட கலவை மேசை அங்கு வந்து சேர்ந்தது. வாத்தியக்குழு ஒன்று அமர்ந்து வாசிக்க அவ்வீட்டில் இடமில்லை. குளியலறையே பாடகர் நின்று பாடும் அறையாக மாற்றப்பட்டது. பனி லீ முதலிய தயாரிப்பாளர்கள் வேறு கூடங்களிற் பதிந்த நாடாக்களை அங்கு கொண்டுவருவர். டபி அவற்றைக் கலந்து கொடுப்பார்.

அந்நாடாவில் நான்கு தடங்களே இருந்தன. முரசு ஒன்றில், பேஸ் கிற்றார் ஒன்றில், ஏனைய வாத்தியங்கள் ஒன்றில், குரல் ஒன்றில் என்றவாறு அவை அமையும். இந்நான்கைக் கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று நாம் எண்ணக்கூடும். டபி செய்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். மேசையிலுள்ள பிடிகளை ஏற்றியும் இறக்கியும் ஒரு வாத்தியத்தை நடுவழியில் நிறுத்துவார், கேட்பவரின் உடல் அதன் அடுத்த அடியை எதிர்பார்த்து நிற்கும், அவ்வடி வராது, சில கணங்கள் கழித்து வேறோரிடத்தில் வந்து விழும். குரலின் ஒரு சொல்லை மட்டும் திறந்துவிட்டு உடனே மூடுவார். மூடுமுன் அச்சொல் எதிரொலிக் கருவிக்குள் அனுப்பப்பட்டிருக்கும். ஒலிநாடாப் பொறியிற் பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் இடையே நாடா ஓடக் கணநேரம் ஆகும். அத்தாமதத்தையே அவர் எதிரொலியாக்கினார். அச்சொல் திரும்பத் திரும்ப ஒலித்து, தேய்ந்து, முரசின் நடைக்குள் கரைந்துபோகும். சுருள்வில்லின் அதிர்வால் முழக்கமூட்டும் பெட்டியொன்றும் அவரிடமிருந்தது. அதைக் கையால் தட்டி இடியோசை எழுப்பினார். தாழ்ந்த சுரங்களைப் படிப்படியாக அரித்தெடுக்கும் வடிகட்டியின் பெருந்திருகியைச் சுழற்றி, நிலத்தை அதிரவைத்த ஒலியை ஒரு நொடியில் தகரச் சலசலப்பாக்கி, மீண்டும் முழுமைக்குக் கொண்டுவந்தார்.

இவையனைத்தும் நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே இரு கைகளாலும் செய்யப்பட்டவை என்பதே முக்கியமானது. ஒரே நாடாவை மறுநாள் கலந்தால் வேறோர் இசை பிறக்கும். எனவே இதனைப் பொறியியல் என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. வாத்தியக்காரர் நரம்பை மீட்டுவதுபோல இவர் மேசையை மீட்டினார் எனலாம்.

டபியோடு சேர்த்து எண்ணப்படவேண்டியவர் லீ பெரி. 1936இற் பிறந்து 2021இல் மறைந்த இவர், 1973இல் தம் வீட்டு வளவிலே பிளாக் ஆர்க் என்னும் கூடத்தை எழுப்பினார். டபி கழித்தெடுப்பதில் வல்லவர் என்றால், பெரி சேர்த்துக் குவிப்பதில் வல்லவர். அவரிடமும் நான்கு தடங்களே. நான்கும் நிரம்பியதும் அவற்றை ஒன்றாக்கி, விடுபட்ட தடங்களில் மேலும் ஒலிகளைச் சேர்த்தார். ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும். ஒலியின் கூர்மை மழுங்கும். வசதி படைத்த கூடமொன்றிற் குறையெனக் கருதப்படக்கூடிய அம்மூட்டமே அவர் இசையின் தனிப்பண்பாயிற்று.

இனி நமது வினாவுக்கு வருவோம். அகஸ்தஸ் பாப்லோ தயாரிக்க டபி கலந்த 'கிங் டபிஸ் மீற்ஸ் றொக்கர்ஸ் அப்ரவுண்' என்னும் நெடுந்தட்டு 1976இல் வெளிவந்தது. டப் இசையின் உச்சங்களுள் ஒன்றாக அதன் தலைப்பிசை கருதப்படுகிறது. அதன் மூலமோ ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு சாதாரணக் காதற்பாட்டு. சொற்களை மட்டும் நோக்கும் திறனாய்வு அம்மூலப் பாடலை ஒரு வரியில் ஒதுக்கிவிடும். ஆனால் டபியின் கலவையில், காதலனின் குரல் துண்டு துண்டாக எழுந்து, முடிவு பெறாமலே அறுந்து, வெறுமையான பெருவெளியில் எதிரொலித்து மறைகிறது. கீழே முரசும் பேஸும் தளராமற் செல்கின்றன. ஆயுதக் கும்பல்களும் கட்சிப் பகையும் கிங்ஸ்ரனின் தெருக்களைப் பிரித்துவைத்திருந்த ஆண்டுகள் அவை. 1976இல் அங்கு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டனர். அவ்விசையைக் கேட்கும்போது அத்தெருக்களின் அச்சமும் உறுதியும் நம்மை வந்து எட்டுகின்றன.

இவ்விடத்தில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இடியோசை துப்பாக்கி வேட்டையே குறிக்கிறது, எதிரொலி ஆபிரிக்காவின் நினைவையே குறிக்கிறது என்றெல்லாம் அகராதி எழுதப் புகுவோர் உளர். இதுவும் சொல் தேடும் பழக்கத்தின் மறுவடிவமே. சொல் இல்லாத இடத்தில் நாமே சொல்லை வைத்துவிட்டுப் பின்னர் அதைக் கண்டெடுத்ததாக மகிழ்கிறோம். டப் இசையின் சமுதாயப் பொருள் அதன் ஓசைகளுக்குள் மறைத்துவைக்கப்பட்ட செய்தி அன்று. அது அவ்விசை ஆக்கப்பட்ட முறையிலேயே உள்ளது. கழித்துவிடப்பட்ட மேசையும், பழுது திருத்தும் தொழிலறிவும், கூலி மிச்சம் பிடிக்கும் முதலாளியும், ஆடுவதற்குத் திறந்த வெளியைத் தவிர வேறிடம் அற்ற மக்களும் கூடி அவ்விசைக்கு உருவங்கொடுத்தனர். இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் அவ்வுருவம் வேறாகியிருக்கும்.

இம்முறையில் நோக்கும்போது இருசாராரின் தவறு புலனாகும். இயந்திர வித்தை கலையாகாது என்போர் ஒருசாரார். உழைப்பாளியின் கை திருகியைப் பிடித்தால் தொழில், நரம்பைப் பிடித்தால் கலை என்ற பழைய மேட்டிமை மனப்பான்மையே அவர்கள் வாதத்தின் அடிப்படை. மறுசாரார் மேனாட்டு இசைப் பிரியர்கள். அவர்கள் டபியையும் பெரியையும் தனித்து நின்ற மேதைகளாக வழிபடுவர். ஆனால் கழித்தெடுப்பதற்கு முன் யாரோ வாசித்திருக்கவேண்டும் அன்றோ! அந்நாடாக்களில் வாசித்தோர் பாட்டொன்றுக்கு இவ்வளவு என்ற கூலியைப் பெற்றுச் சென்றனர். அவர்களது ஒரே வாசிப்புப் பத்துப் பாடல்களுக்கும் பல டப் தட்டுகளுக்கும் பயன்பட்டபோதும் மேலதிகமாக அவர்களுக்கு எதுவும் கிடைப்பது அரிதாக இருந்தது. நாடா யாருடையதோ இசையும் அவருடையது என்பதே நடைமுறை. பிரித்தானியர் 1911இல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டமே 1993 வரை யமேக்காவிற் செல்லுபடியாயிற்று. பாடகரின் குரலை அவரைக் கேளாமலே வெட்டியெறியக் கூடிய அதிகாரம், கலைத்துணிவாக மட்டுமன்றி உடைமை உறவாகவும் இருந்தது. டப் இசையைப் போற்றும் நாம் இதனைச் சொல்லாமல் விடுவோமாயின் நமது போற்றுதல் அரைகுறையானதே.

அப்படியாயின் சொல்லுக்கு இடமே இல்லையா? உண்டு. யமேக்காவிற் பிறந்து 1963இற் சிறுவனாக இலண்டன் சென்ற லின்ரன் குவெசி ஜோன்சன், அங்குக் கறுப்பின இளைஞர் எதிர்கொண்ட பொலிஸ் கொடுமையையும் இனவெறியையும் தம் மக்களின் பேச்சுமொழியிற் கவிதையாக்கினார். டெனிஸ் போவெல் என்னும் ஒலிக்கலைஞரின் துணையோடு 1978 முதல் அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளில், கவிதையின் நடை பேஸ் கிற்றாரின் நடையிலிருந்தே பிறப்பதைக் காணலாம். 1980இல் அக்கவிதைகளுக்கே சொல் நீக்கிய டப் வடிவத் தட்டொன்றும் வெளிவந்தது. எப்போது பேசுவது, எப்போது வாளாவிருப்பது என்பதை அவரது சொல்லுக்குக் கற்பித்தது இவ்விசையே. இங்கு உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று வளர்த்தன.

1985இல், டபியிடம் பயின்ற ஜாமி என்பவர், சிறிய மின்விசைப் பலகையொன்றிலிருந்த ஆயத்தத் தாளத்தைக் கொண்டு பெருவெற்றி பெற்ற பாடலொன்றைத் தயாரித்தார். வாத்தியக்காரர் பலர் வேலையிழக்கலாயினர். 1989 பெப்ரவரியில் டபி தமது வீட்டு வாயிலில் இனந்தெரியாதோராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கைவழக்கம் இன்று உலகின் நடன இசையெங்கும் பரவியுள்ளது. கணினியில் விரலசைவொன்றால் எவரும் அவ்வெதிரொலியைப் பெறலாம்.

இவ்விசையிலிருந்து திறனாய்வாளராகிய நாம் பெறவேண்டியது ஒன்றுண்டு. ஒரு படைப்பு என்ன சொல்கிறது என்ற வினாவை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னதாக, அதனை யார் ஆக்கினர், எக்கருவி கொண்டு ஆக்கினர், யாருக்காக ஆக்கினர், பயன் யாரைச் சென்றடைந்தது என்ற வினாக்களையும் கேட்டாகவேண்டும். இவற்றைக் கேளாது சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போமாயின், வோற்றர்ஹவுஸ் வீட்டிலிருந்த அந்த வானொலி திருத்துநரைப் போன்றோர் நம் கண்ணுக்குப் புலப்படமாட்டார்கள். உழைப்பைப் பற்றிய பாட்டை மட்டும் போற்றி, பாட்டிலுள்ள உழைப்பைக் காணத் தவறுவது நமக்குத் தகாது.